திரும்பி வராதவளுக்கு ஒரு வினைச்சொல்

ரஷ்ய மொழி படிக்க ஆரம்பித்து நாலாவது மாதம். அன்றைக்கு ஏப்ரல் 12. ரஷ்யாவில் அது விண்வெளி வீரர்களின் நாள். 1961-ல் யூரி ககாரின் 108 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிய தேதி. எங்கள் ஆன்லைன் வகுப்பு டீச்சர் எண்பதுகளில் மாஸ்கோவில் படித்துவிட்டு வந்தவர். அன்று வழக்கமான பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு விண்வெளி பற்றி முப்பது சொற்களைக் கொடுத்தார். வானம், நட்சத்திரம், நிலா, ராக்கெட், பறத்தல் என்று எல்லாம் ஆரம்பநிலைச் சொற்கள். அவற்றை வைத்து ஐந்து வாக்கியம் எழுத வேண்டும்.

நான் எழுதிய மூன்றாவது வாக்கியம்: லைகா விண்வெளிக்குப் பறந்தாள். ‘பறந்தாள்’ என்பதற்குப் பட்டியலில் ஒரு சாதாரண வினைச்சொல் இருந்தது. எனக்குக் கொஞ்சம் சீன் போடலாம் என்று ஆசை. அகராதியைத் தோண்டி ‘ஸ்லெதாலா’ என்ற வடிவத்தை எடுத்துப் போட்டேன். படித்துக் காட்டியதும் டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நெட் போச்சோ என்று நினைத்தேன்.

“இலக்கணத்துல தப்பு இல்லப்பா. ஆனா வாக்கியம் தப்பு.”

“எப்படி மேடம்?”

“ஸ்லெதாத்னா பறந்து போயிட்டு வர்றது. லைகா எங்கப்பா வந்துச்சு?”

ரஷ்ய மொழியில் ‘போவது’ என்று ஒரே ஒரு வினை கிடையாது. நடந்து போவதற்கு ஒன்று, வண்டியில் போவதற்கு இன்னொன்று, பறந்து போவதற்கு வேறொன்று. இவற்றின் தலையில் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன முன்னொட்டுகள் மீதிக் கதையைச் சொல்லிவிடும். ஒன்றை ஒட்டினால் கிளம்பியாயிற்று என்று பொருள். ‘உ’ ஒட்டினால் இந்த இடத்தை விட்டுப் போயாயிற்று. ‘ஸ்’ ஒட்டினால் போன வேலை முடிந்து வீடு திரும்பியாயிற்று. ஒற்றை எழுத்துக்குள் ரிட்டர்ன் டிக்கெட்டை மடித்து வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இது அந்நியமான விஷயமே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும். ‘போயிட்டு வரேன்’னு சொல்லு. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் அதைச் சொல்வதில்லை, பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். வருவதைச் சொல்லாமல் போவதைச் சொல்லக்கூடாது என்பதை நாம் பழக்கமாக வைத்திருக்கிறோம். ரஷ்யர்கள் அதை இலக்கணத்திலேயே வைத்துவிட்டார்கள். நான் அந்த இலக்கணத்தை வைத்து, போனவளைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டேன்.

அன்றிரவு அந்த முப்பது சொற்களையும் இன்னொரு தடவை பார்த்தேன். ஒரு மொழியைப் புதிதாகப் படிக்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அந்த மொழிக்காரர்களின் காதில் தேய்ந்துபோன சொற்கள் அவனுக்கு முனை மழுங்காமல் கிடைக்கும். நேபா என்றால் வானம். அதே சொல்லில் ஒரு எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்தால் ந்யோபா, அதாவது வாயின் மேற்கூரை, நம்முடைய அண்ணம். தமிழில் அண்ணமும் அண்ணாந்து பார்ப்பதும் ஒரே வேர். மேஸ்யத்ஸ் என்றால் பிறைநிலா, மாதம் என்றும் பொருள். நமக்குத் திங்கள். ஸெம்ல்யா என்பது கையில் அள்ளுகிற மண், உழுகிற நிலம், சுற்றுகிற பூமி எல்லாமே. வ்ஸெலென்னயா என்றால் பிரபஞ்சம், வேர்ப்பொருளைப் பார்த்தால் ‘குடியேறிய இடம்’. ஆள் இல்லாத அவ்வளவு பெரிய வெளிக்குக் குடியிருப்பு என்று பெயர்.

பிறகு விண்கலங்களின் பெயர்கள். வஸ்தோக் என்றால் கிழக்கு. வஸ்ஹோத் என்றால் சூரிய உதயம். சோயுஸ் என்றால் ஒன்றியம். மீர் என்றால் அமைதி, உலகம் என்றும் பொருள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ரஷ்யப் பகுதிகளில் ஒன்று ஸர்யா, விடியல். இன்னொன்று ஸ்வெஸ்தா, நட்சத்திரம். இன்னொன்று நவுக்கா, அறிவியல். தெரெஷ்கோவா 1963-ல் தனியாக வஸ்தோக்-6-ல் போனபோது அவருடைய அழைப்புக் குறி சைக்கா, கடற்பறவை. ககாரினுக்குக் கேதர், தேவதாரு மரம். ஒரு ஆரம்பப்பள்ளிப் பாடப்புத்தகத்தைப் பிரித்த மாதிரி இருக்கிறது. ஒரு கெட்ட சொல் கிடையாது. இத்தனைக்கும் இதில் முதலில் போன கலங்களைத் தூக்கிக்கொண்டு போனது ஆர்-7 ராக்கெட். அணுகுண்டைக் கண்டம் விட்டுக் கண்டம் வீசுவதற்காகச் செய்த ஏவுகணை அது.

ககாரின் கிளம்பும்போது சொன்ன ஒற்றைச் சொல் ‘பயேஹலி’. ‘போகலாம்’ என்று மொழிபெயர்ப்பார்கள். உண்மையில் அது இறந்தகாலப் பன்மை, ‘கிளம்பிட்டோம்’. அம்மா சாப்பிடக் கூப்பிடும்போது கட்டிலை விட்டு எழாமலேயே ‘இதோ வந்துட்டேன்’ என்று கத்துவோமே, அந்த மாதிரி. எனக்கு அதைவிடப் பிடித்த விஷயம், அதில் இருப்பது பறக்கிற வினை இல்லை என்பது. வண்டியில் போகிற வினை. மாட்டு வண்டிக்காரரோ டாக்ஸி டிரைவரோ சொல்கிற சொல். மனிதன் முதல்முறையாக பூமியை விட்டுப் போகும்போது ஊருக்குப் போகிற தொனியில் போயிருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் என்னை நிறுத்திய சொல் ஸ்புட்னிக்.

நம்மில் பலருக்கு இது 2021-ல் தடுப்பூசியின் பெயராக மறுபடி அறிமுகமானது. அதற்கு முன்னால் 1957 அக்டோபர் 4 அன்று போன முதல் செயற்கைக்கோள். 58 சென்டிமீட்டர் குறுக்களவு, 83.6 கிலோ, நான்கு ஆண்டெனா. அதற்கும் முன்னால் அது ஒரு சாதாரண ரஷ்யச் சொல். நடுவில் இருக்கும் ‘பூத்’ என்றால் வழி. முன்னால் இருக்கும் ‘ஸ்’ என்றால் ‘உடன்’. பின்னால் இருக்கும் ‘னிக்’ என்றால் ஆள். வழியில் உடன் வருபவர். தமிழில் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: வழித்துணை. கணவனை ஸ்புட்னிக் ஜீஸ்னி என்பார்கள், வாழ்க்கைத்துணை. வேலூர் பக்கம் விரிஞ்சிபுரத்தில் சிவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர். அங்கே நிற்கும் பக்தருக்கு ஸ்புட்னிக் என்ற சொல் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

ரயிலில் தற்செயலாகப் பக்கத்து சீட்டில் வருகிறவருக்கு ரஷ்ய மொழியில் வேறு சொல், பபூச்சிக். அதிலும் அதே வழிதான் இருக்கிறது. அவர் உங்கள் பாதையில் வருகிறார், அவ்வளவே. உங்கள் பயணம் அவருடைய பொறுப்பு இல்லை. புரட்சியை முழுசாக ஏற்காமல் கொஞ்ச தூரம் கூட வந்த எழுத்தாளர்களுக்கு ட்ராட்ஸ்கி இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். ஸ்புட்னிக் அப்படி இல்லை. கூட வருவதற்காகவே வருபவர்.

ஆங்கிலம் வழியாக உலகம் எடுத்துக்கொண்ட சாட்டிலைட் என்ற லத்தீன் சொல்லுக்கு வேர்ப்பொருள் மெய்க்காவலன், பரிவாரத்து ஆள். நாம் வைத்துக்கொண்டது செயற்கைக்கோள். ‘கோள் சொல்வது’ என்றால் ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தரிடம் போட்டுக் கொடுப்பது. உளவுச் செயற்கைக்கோள்களை நினைத்தால், யோசிக்காமலே மிகச் சரியான சொல்லைப் பிடித்திருக்கிறோம் என்று தோன்றும்.

முதல் ஸ்புட்னிக்கின் சத்தம் உலகம் முழுக்கக் கேட்டதும் குருஷ்சேவுக்கு இன்னொன்று வேண்டும் என்று தோன்றியது. நவம்பர் 7, அக்டோபர் புரட்சியின் நாற்பதாவது ஆண்டு விழா. கையில் இருந்தது ஒரு மாதம். அந்த அவசரத்தில் கட்டிய இரண்டாவது கலத்துக்குள் ஒரு நாயை வைத்தார்கள்.

மாஸ்கோ தெருவில் பிடித்த நாய். தெருநாய்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொன்னார்கள்: குளிரும் பசியும் ஏற்கெனவே பழகியவை. நம்மூரில் வீட்டு வேலைக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவந்தவர்கள் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட இதுதான். மூன்று வயது இருக்கும், எடை சுமார் 6 கிலோ. முதலில் குத்ர்யாவ்கா என்று கூப்பிட்டார்கள், சுருட்டை முடிக்காரி. பிறகு லைகா ஆனாள். குரைப்பவள் என்று அர்த்தம். கூண்டைச் சின்னதாக, இன்னும் சின்னதாக மாற்றி மாற்றி, ஒடுங்கி இருக்கப் பழக்கினார்கள். கலத்துக்குள் நிற்கலாம், உட்காரலாம், படுக்கலாம். திரும்பிக்கொள்ள முடியாது, சங்கிலி விடாது. ஒரு வாரத்துக்கான காற்றும் கூழ் மாதிரியான உணவும் இருந்தன. பூமிக்குத் திரும்புவதற்கான ஏற்பாடு வடிவமைப்பிலேயே இல்லை. உள்ளே வைத்து மூடியதிலிருந்து நவம்பர் 3-ல் ராக்கெட் கிளம்பியது வரை மூன்று நாள் அவள் தரையிலேயே அதற்குள் காத்திருந்தாள்.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, நாய்களின் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவர் விளாதிமிர் யஸ்தோவ்ஸ்கி அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகளோடு விளையாட விட்டார். அவளுக்கு இருக்கப்போவது கொஞ்ச காலம், ஏதாவது நல்லது செய்யலாம் என்று தோன்றியதாகப் பின்னாளில் எழுதினார்.

இந்த ஒரு விஷயத்தை என்னால் கடந்து போகவே முடியவில்லை. அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லியிருப்பார்? நாய் எப்போ திரும்ப வரும்னு ஒருத்தி கேட்டிருந்தால் எந்த வினைச்சொல்லைப் போட்டிருப்பார்? கொடூரமான ஆள் என்றால் வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்க மாட்டார். கூட்டிப்போனதால்தான் கேள்வி கடினமாகிறது. அவருக்கு அவள் யார் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் திரும்பக் கொண்டுபோயிருக்கிறார்.

அவள் எப்படிச் செத்தாள் என்பதைப் பல வருஷம் வேறு மாதிரி சொன்னார்கள். சில நாள் உயிரோடு இருந்தாள், பிறகு வலியில்லாமல் முடிந்தது என்ற கதை. 2002-ல் ஹூஸ்டனில் நடந்த ஒரு விண்வெளி மாநாட்டில் ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி மலாஷெங்கவ் உண்மையைச் சொன்னார். கிளம்பிய சில மணி நேரத்துக்குள், கலத்துக்குள் ஏறிய வெப்பத்திலும் பயத்திலும் இறந்துவிட்டாள். ஆண்டுவிழா நாளான நவம்பர் 7 அன்று உலகத்தின் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது அவளுடைய உடல். 1958 ஏப்ரலில் கலம் வளிமண்டலத்தில் விழுந்து எரியும்வரை சுற்றியது.

வழித்துணை என்று பெயர் வைத்த வண்டி. உள்ளே தனியாக ஒரு நாய்.

இங்கே ஒருத்தர் என்னைத் தடுக்கலாம். தம்பி, நீ சொல்லை ரொம்ப நோண்டுறே. ஸ்புட்னிக் என்பது வானியலில் ரொம்ப காலமாகப் புழங்கும் துறைச்சொல். நிலாவே பூமியின் ஸ்புட்னிக்தான். எந்தப் பொறியாளரும் ‘துணை’ என்று நினைத்துப் பெயர் வைக்கவில்லை. நீயும்தான் ‘காலமானார்’ என்கிறாய், அதில் காலம் உன் காதில் விழுகிறதா? தேய்ந்துபோன உருவகத்துக்கு யார் பொறுப்பு ஏற்க முடியும்?

நியாயமான வாதம்தான். கொஞ்ச நாள் நானும் அதை ஏற்றுக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு வேற்றுமை உருபுப் பாடம் வந்தது.

ரஷ்ய மொழியில் பெயர்ச்சொற்களை உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரிப்பார்கள். உயிருள்ளதற்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கணச் சொல் அதுஷெவ்ல்யோன்னி. அதற்குள் துஷா இருக்கிறது, ஆன்மா. ஆன்மா உள்ள பெயர்ச்சொல். செயப்படுபொருளாக வரும்போது இந்த இரண்டும் வேறு வேறு மாதிரி திரியும். மனிதனும் நாயும் ஒரே பக்கம். மேசையும் கல்லும் மறுபக்கம். செத்தவரை ‘காலஞ்சென்றவர்’ என்ற சொல்லால் சொன்னால் இலக்கணப்படி இன்னமும் ஆன்மா உண்டு, ‘பிணம்’ என்ற சொல்லால் சொன்னால் இல்லை.

ஸ்புட்னிக் இரண்டு பக்கமும் நிற்கிற சொல். ‘வழித்துணையைச் சந்தித்தேன்’ என்று சொல்ல வேண்டுமானால் அது ஸ்புட்னிகா என்று மாறும், ஆன்மா உள்ள சொற்களைப் போல. ‘செயற்கைக்கோளை ஏவினார்கள்’ என்று சொல்ல வேண்டுமானால் மாறாமல் ஸ்புட்னிக் என்றே நிற்கும், மேசையைப் போல. ஒரு ரஷ்யக் குழந்தைகூட இதைத் தப்பாகச் சொல்லாது. ஆக அந்த உருவகம் முழுக்கத் தேய்ந்துபோகவில்லை. சொல்லிலிருந்து ஆன்மாவைக் கழற்றி எடுத்தார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் வாய் ஞாபகம் வைத்திருக்கிறது. உள்ளே இருந்த சபாகா, அந்த நாய், அதே இலக்கணத்தில் ஆன்மா உள்ளவள். ஆன்மா இல்லாத துணைக்குள் ஆன்மா உள்ளவளை வைத்து மூடினார்கள். இதை நான் கவிதைக்காகச் சொல்லவில்லை, வேற்றுமை அட்டவணையில் இருக்கிறது.

நாம் இதைக் கேட்டு ரொம்பப் பெருமைப்பட முடியாது. தமிழில் நாய் அஃறிணை. கல்லும் நாயும் ‘அது’. டீச்சர் இயல்பாக ‘வந்துச்சு’ என்றார், நான் ‘பறந்தாள்’ என்று எழுதினேன், அதுகூடக் கொஞ்சம் பாசாங்கு. ஆனால் தமிழுக்குள்ளும் ஒரு இடுக்கு இருக்கிறது. ‘பையன் பார்த்தேன்’ என்று யாரும் சொல்ல மாட்டோம், ‘பையனைப் பார்த்தேன்’ என்போம். மனிதருக்கு ஐ உருபு கட்டாயம். ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கு உருபு வேண்டாம். மிருகங்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ‘கோழி வாங்கினேன்’ என்றால் குழம்புக்கு. ‘கோழியை எங்கே காணோம்?’ என்றால் அது நம் முற்றத்தில் மேய்ந்த, நமக்குத் தெரிந்த கோழி. ‘விண்வெளிக்கு நாய் அனுப்பினார்கள்’ என்று ஒரு வாக்கியம். ‘லைகாவை அனுப்பினார்கள்’ என்று ஒரு வாக்கியம். ஒரே சம்பவம். முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

ஆன்மா உண்டு என்று இலக்கணத்திலேயே எழுதி வைத்திருந்த மொழிக்காரர்கள்தான் அவளை அனுப்பினார்கள். அஃறிணை என்று எழுதி வைத்திருக்கும் நம் வீடுகளில் எத்தனையோ பாட்டிகள் தெருநாய்க்குச் சோறு வைத்துவிட்டுத்தான் தாங்கள் சாப்பிடுகிறார்கள். அதனால் மொழி மனிதரை நல்லவராக்கும் என்ற கட்சியில் நான் இல்லை. மொழியால் முடிவது இன்னும் சின்ன வேலை. ‘எனக்குத் தெரியாதே’ என்று சொல்ல விடாது. நாம் யாருக்கு என்ன செய்கிறோம் என்பது வாயில் பதிவாகியிருக்கும். யஸ்தோவ்ஸ்கி தெரியாமல் செய்தார் என்று அவருக்காக வாதாட முடியாது, அவரும் அப்படி வாதாடவில்லை.

இன்னொரு வாதம் இருக்கிறது, இதைவிடக் கனமானது. அறிவியலுக்கு வேண்டியிருந்தது. ஒரு நாய் போகாமல் ககாரின் போயிருக்க முடியுமா? நான் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளும் மாத்திரைகளும் மிருகங்களின் மேல் சோதித்தவைதான். அதனால் எல்லாச் சோதனையும் பாவம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, அப்படி நான் நம்பவும் இல்லை.

ஆனால் லைகா விஷயத்தில் ‘அறிவியல்’ என்பதைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 1951-லிருந்தே சோவியத் நாய்கள் ராக்கெட்டில் உயரே போய் வந்துகொண்டிருந்தன. சில செத்தன, சில பிழைத்தன. அந்த முயற்சிகளில் திரும்பக் கொண்டுவருவது திட்டத்திலேயே இருந்தது. லைகாவுக்கு மட்டும் அந்தத் திட்டம் இல்லாமல் போனதற்குக் காரணம், சுற்றுப்பாதையிலிருந்து பத்திரமாக இறக்கும் நுட்பம் அப்போது கையில் இல்லை. காத்திருந்தால் வந்திருக்கும். மூன்றே வருஷத்தில் வந்தும்விட்டது. 1960 ஆகஸ்டில் பெல்காவும் ஸ்த்ரெல்காவும் ஒரு நாள் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு இறங்கினார்கள். ஸ்த்ரெல்காவுக்குப் பிறகு குட்டிகள்கூடப் பிறந்தன. அதில் ஒன்றான புஷின்காவை குருஷ்சேவ் கென்னடி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். லைகாவுக்குக் கிடைக்காமல் போனது மூன்று வருஷப் பொறுமை. அதைத் தின்றது அறிவியலின் தேவை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது ஒரு ஆண்டுவிழாத் தேதி. ஒரு உயிரை எடுக்க வேண்டிய அவசியம் எங்கே முடிகிறது, அவசரம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி ஆய்வகங்களில் மட்டும் வருவதில்லை. திறப்புவிழாத் தேதிக்காக ராத்திரியில் தொழிலாளர்களைச் சாரத்தில் ஏற்றும் ஒவ்வொரு கட்டடத்திலும் வருகிறது.

அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த ஒலெக் கஸென்கோ 1998-ல் வெளிப்படையாகப் பேசினார். காலம் போகப்போக வருத்தம் கூடுகிறது என்றார். அவளுடைய சாவை நியாயப்படுத்தும் அளவுக்கு அந்தப் பயணத்தில் நாங்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றார். நாற்பது வருஷம் கழித்து வந்த பேச்சு. தாமதம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘அறிவியல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

காண்ட் தன் அறவியல் விரிவுரைகளில் நாயைப் பற்றிப் பேசியிருக்கிறார். உழைத்து ஓய்ந்த நாயை உதவாது என்று சுட்டுக்கொல்கிறவன் நாய்க்கு எந்தக் கடமையையும் மீறவில்லை, தனக்குள் இருக்கும் மனிதத்தன்மையைத்தான் கெடுத்துக்கொள்கிறான் என்பது அவர் கட்சி. நாய்க்கு நேரடியாக நாம் ஒன்றும் கடன்படவில்லை. நம் காலத்தில் கிறிஸ்டீன் கோர்ஸ்கார்ட் அதே காண்டின் பாதையிலிருந்தே கிளம்பி, இல்லை, அவற்றுக்கு நேரடியாகவே கடன்பட்டிருக்கிறோம் என்று 2018-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதன் தலைப்பு ‘ஃபெலோ கிரீச்சர்ஸ்’. சக உயிர்கள். ரஷ்ய மொழியில் அந்த ‘சக’ என்ற இடத்தில் நிற்கக்கூடிய எழுத்து, ஸ்புட்னிக்கின் தலையில் இருக்கும் அதே ‘ஸ்’. எனக்கு கோர்ஸ்கார்ட் சொல்வதுதான் சரி என்று படுகிறது. கஸென்கோவின் வருத்தம் தன் மனிதத்தன்மை கெட்டதைப் பற்றிய வருத்தமாக ஒலிக்கவில்லை. அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் இருக்கிறது.

‘எனக்குத் தெரியாதே’ என்று சொல்ல விடாது என்றேன். அதனால்தான் அரசுகளுக்குச் சொற்களோடு தீராத சண்டை. ராக்கெட் கிளம்பியது த்யுராதாம் என்ற ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து. வெளியே சொன்ன பெயர் பைக்கனூர், சில நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு ஊரின் பெயர். எல்லாவற்றையும் வடிவமைத்த செர்கெய் கரல்யோவ், ஸ்டாலின் காலத்தில் கைதாகிக் கலிமா முகாமில் பல்லை இழந்து வந்தவர். அவர் பெயரே 1966-ல் அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. அதுவரை ‘தலைமை வடிவமைப்பாளர்’. லைகா வலியில்லாமல் செத்ததும் இந்த வரிசையில் ஒன்றுதான்.

கரல்யோவ் பிறந்த ஊர் ஷித்தோமிர், இன்றைய உக்ரைனில் இருக்கிறது. வகுப்பில் எங்களோடு சேர்ந்த ஒரு பெண் இரண்டாவது மாதம் நின்றுவிட்டாள். “குண்டு போட்டுட்டு இருக்காங்க, இப்பப் போய் இந்த மொழியான்னு இருக்கு” என்று மெசேஜ் போட்டிருந்தாள். என்னிடம் பதில் இல்லை. ஹார்ட் போட்டேன், அசிங்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.

மீர் என்ற சொல்லைப் படித்த வாரம் அவளை நினைத்தேன். 1918-க்கு முந்தைய எழுத்துமுறையில் அமைதி என்ற மீருக்கும் உலகம் என்ற மீருக்கும் வேறு வேறு ‘இ’ இருந்தன. எழுத்துச் சீர்திருத்தத்தில் இரண்டும் ஒன்றாயின. (டால்ஸ்டாய் நாவலின் தலைப்பில் இருப்பது ‘உலகம்’தான் என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்ப வேண்டாம், அவர் எழுதியது அமைதி.) ஒரு விண்வெளி நிலையத்துக்கு அந்தப் பெயர் வைத்து 1986-லிருந்து 2001 வரை மேலே சுற்ற விட்டார்கள். அதன் எதிர்ச்சொல் வய்னா, போர். இதுவும் ஆரம்பநிலைச் சொல். 2022 மார்ச்சில் ரஷ்யாவில் வந்த சட்டத்துக்குப் பிறகு, உக்ரைனில் நடப்பதை அந்தச் சொல்லால் சொன்னவர்கள் மேல் வழக்குப் பாய்ந்தது. ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்று சொல்ல வேண்டும். முதல் மாதத்துப் பாடத்தில் வருகிற ஒரு சொல்லைப் பார்த்து ஒரு அரசு அவ்வளவு பயப்படுகிறது.

இதை அவளுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. நான் படிப்பதற்குச் சாக்குத் தேடுகிறேன் என்று அவள் நினைத்தால், முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. எனக்கு இந்த மொழி பிடித்திருக்கிறது. பிடித்த பிறகு காரணம் தேடுகிறவன் சொல்லும் காரணங்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாங்க வேண்டும். ஆனாலும் ஒன்று. அந்த அரசு மறைக்கப் பார்க்கும் சொல்லைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இருக்கிறது.

வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன். ‘ஸ்லெதாலா’ கூடாது என்றால் வேறு என்ன போடுவது என்று டீச்சரிடம் கேட்டேன். ‘பலெத்தேலா’ போடலாம், பறந்து கிளம்பினாள். முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லாத வினை, பத்திரிகைகள் அன்றைக்குப் பயன்படுத்தியிருக்கக்கூடிய வினை. ‘உலெத்தேலா’ போடலாம், பறந்து போய்விட்டாள், இங்கே இப்போது இல்லை.

“எது மேடம் சரி?”

“ரெண்டும் சரிதான்ப்பா. நீ எங்க நின்னு பாக்குறேங்கிறதுதான். ராக்கெட்டப் பாத்துட்டு நின்னா முதலாவது. அந்த டாக்டர் வீட்டுப் பிள்ளைங்க மாதிரி வாசல்ல நின்னா ரெண்டாவது.”

இரண்டாவதை எழுதினேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார், படித்தேன். அழுத்தம் தப்பான இடத்தில் விழுந்ததால் இன்னொரு தடவை படித்தேன்.

நான்காவது வாக்கியம் பெல்காவையும் ஸ்த்ரெல்காவையும் பற்றியது. அங்கே பட்டியலில் இருந்த வினையைத்தான் போட்டிருந்தேன். “இதுல போடுப்பா உன்னோட ஸ்லெதாத்த” என்றார்.